கொன்றவனுக்கு நாற்பது பக்கம், செத்தவர்களுக்கு மூன்று பக்கம்

தமிழில் குற்றக்கதை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை அச்சிட்டு விற்கிற பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற வாசிப்பு வட்டத்திலிருந்து இதை எழுதுகிறேன். பதினோரு பேர் இருக்கிறோம். மாதம் ஒரு புத்தகம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மூன்று பிரதி வாங்கி, கை மாற்றிக் கை மாற்றிப் படிப்போம். போன மாதம் படித்தது வடசென்னையில் நடக்கிற ஒரு தொடர்கொலை நாவல். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஒரு எழுத்தாளரைத் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்பது என் எண்ணம் இல்லை. இருபது வருடமாக இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவள் நான். எனக்குச் சொல்ல இருப்பது உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு. உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு வடமாநிலத்து ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று தகராறு, கைகலப்பு. அடுத்த சில மாதங்களில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஐந்து பேர் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு உடல் மேலும் ஒரு துண்டு மீன்வலை கிடக்கிறது. சந்தேகம் காசிமேட்டுப் பையன்கள் மேல் போகிறது. எண்ணூர் வரைக்கும் இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்க, விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வருகிறார். கடைசியில் பார்த்தால் கொலைகாரன் மீனவனும் இல்லை, யார்டு ஆளும் இல்லை. சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கி மனம் பிசகிய, படித்த ஆள் ஒருவன். எண்ணூர் முகத்துவாரத்தில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். ஊர் அமைதியாகிறது.

பிடித்ததை முதலில் சொல்ல வேண்டும். நான் இதை ஒரே ராத்திரியில் படித்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். சமையலறையில் போய் உட்கார்ந்து முடித்தேன். எங்கள் வட்டத்தின் சின்னவள், புளியந்தோப்பிலிருந்து வருகிற நர்சிங் படிக்கும் தங்கச்சி, ரயிலில் இதைப் படித்துக்கொண்டே பேசின் பிரிட்ஜில் இறங்க மறந்து பெரம்பூர் வரைக்கும் போய்விட்டாள். அந்தப் பெண் அதிகாரியை எங்கள் எல்லாருக்கும் பிடித்தது. வேகமாக எழுதத் தெரிந்தவர் எழுதிய புத்தகம் அது. வேகம் ஒரு பெரிய திறமை. அதை யாரும் எளிதாக நினைக்கக்கூடாது.

சண்டை வந்தது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் காசிமேட்டு அண்ணன். துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். நாவலில் மே மாதம் இருபதாம் தேதி ராத்திரி மூன்றாவது உடலை ஒரு விசைப்படகில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். அண்ணன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "மே மாசம் எந்த விசைப்படகு கடலுக்குப் போவுது?" என்று கேட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகும் கட்டுமரமும்தான் போய்வரும். காசிமேட்டில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும்.

இது ஒரு சின்னத் தவறு என்று விட்டுவிடலாமே என்று நான்தான் சொன்னேன். அண்ணன் விடவில்லை. அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. தடைக்காலத்தில்தான் படகில் போகிற பையன்கள் கையில் காசில்லாமல் வெளி வேலை தேடுவார்கள். மூட்டை தூக்க, லாரியில் லோடு ஏற்ற, யார்டில் நிற்க. இரண்டு மாதத்துக்கு மட்டும் வருகிறவனை எந்தக் காண்ட்ராக்டர் சேர்ப்பான்? வருடம் முழுக்க அங்கேயே தங்கி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வெளியூர் ஆள் அவனுக்கு வசதி. "ரெண்டு பேரு வயித்தையும் ஒரே ஆளு அடிக்கிறான். அது கதையில எங்க இருக்குது?" என்று கேட்டார். தேதியைச் சரிபார்த்திருந்தால் அந்தத் தகராறின் வேர் எழுத்தாளர் கைக்குத் தானாக வந்திருக்கும். நாவலில், ஆட்களை மாற்றினார்கள் என்ற முதல் தகராறைத் தாண்டினால், இரண்டு தரப்பும் ஏன் வெறுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு, மொழி வேறு என்பதைத் தவிர ஒரு காரணமும் இல்லை.

மின்ட் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் அடுத்துப் பேசினார். மூன்று தலைமுறையாக சவுகார்பேட்டையில் இருக்கும் மார்வாடிக் குடும்பம். தமிழ்ப் புத்தகம் என்றால் எங்களுக்கு முன்னால் வாங்கிவிடுவார். நாவலில் அடகுக்கடைக்காரர் ஒருவர் வருகிறார், வடமாநிலத் தொழிலாளிக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து உதவுகிறார், ஏனென்றால் "அவர்களும் இவர்களும் ஒரே ஆட்கள்". நண்பர் கேட்டார்: "என் வீட்டுல மார்வாடி பேசுறோம். அந்தப் பையன் பீகார்லேர்ந்து வந்தவன், அவன் வீட்டுல போஜ்புரியோ மைதிலியோ பேசுவான். நான் அவனை என் கடைத் திண்ணையில உட்காரவே விடமாட்டேன்னு எழுதியிருந்தா அதாவது உண்மையா இருந்திருக்கும்." தன்னைப் பற்றியே இப்படி அவர் சொன்னபோது மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதே மாதிரிதான் எங்கள் பேச்சையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் நாவல்களில் பேசின் பிரிட்ஜைத் தாண்டிவிட்டால் எல்லாரும் ஒரே பாஷை. இன்னா, கயிதே, பேமானி. மண்ணடி ராவுத்தர் வீட்டுத் தமிழும் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் தமிழும் வீட்டில் தெலுங்கு பேசும் தண்டையார்பேட்டைக்காரர் தமிழும் பட்டினவர் குப்பத்துத் தமிழும் ஒன்றா? இந்த நாவலில் போன் குரலில் இருந்த "வடசென்னை வாடை"யை வைத்துத்தான் போலீஸ் முதலில் தப்பான ஆளைப் பிடிக்கிறது. சரி, அது தப்பு என்று பின்னால் தெரிகிறது. ஆனால் அந்தத் தப்பு எப்படிப்பட்டது என்று எழுத்தாளர் நின்று பார்க்கவே இல்லை.

உண்மையில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பீட்டர் சட்க்ளிஃப் என்பவன் பெண்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, 1979இல் போலீசுக்கு ஒரு ஒலிநாடா வந்தது. நான்தான் கொலைகாரன் என்று ஒருவன் பேசியிருந்தான். அவன் பேச்சு வழக்கு சண்டர்லாந்து பக்கத்தது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அதை நம்பி, அந்தப் பேச்சு வழக்கில் பேசாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து தள்ளினார்கள். நாடா பொய். சட்க்ளிஃப் பிராட்ஃபோர்டில் இருந்தான். போலீஸ் அவனைப் பல தடவை விசாரித்துவிட்டு விட்டிருந்தது. 1981 ஜனவரியில் அவன் பிடிபடுவதற்குள் இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். ஒருவன் பேசும் வழக்கை வைத்து ஆளை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மூன்று பேர் சாட்சி. இந்தக் கனம் உங்கள் கதையிலும் இருந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரும் எங்களோடு படிக்கிறார். அவருக்கு அந்தப் பெண் அதிகாரி மேல் புகார் இல்லை. அவர் கேள்வி வேறு: "அஞ்சு பேரு காணாமப் போனாங்க. ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தது யாரு?" நாவலில் உடல் கிடைக்கிறது, அதிகாரி வருகிறார். நடுவில் ஒன்றும் இல்லை. அவர் வேலை பார்த்த காலத்தில், வெளிமாநிலத்து ஆள் ஒருவன் காணாமல் போனால் காண்ட்ராக்டர் ஸ்டேஷன் பக்கமே வரமாட்டாராம். வந்தால் எத்தனை பேரை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாய் என்ற கேள்வி வரும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநில ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும் என்று 1979இலேயே மத்திய அரசு சட்டம் போட்டது. தன் சர்வீஸில் அந்தப் பாஸ்புத்தகத்தை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றார் ஏட்டய்யா. அவர் காலத்தில் அடையாளம் தெரியாத உடல் என்றால் 174 போட்டு, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சந்தேக மரணம் என்று பதிந்து, சில நாள் மார்ச்சுவரியில் வைத்து, புதைத்துவிடுவார்களாம். "கொலைகாரன் புத்திசாலியா இருக்கணும்னு அவசியமே இல்லம்மா. தேடுறதுக்கு ஆள் இல்லாதவனா பாத்துக் கொன்னா போதும்."

நொய்டாவில் நிதாரி வழக்கு அப்படித்தானே? 2006இல் நிதாரியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைப்பதற்கு வெகு நாள் முன்பிருந்தே, பிழைக்க வந்த ஏழைப் பெற்றோர்கள் பிள்ளையைக் காணோம் என்று நடந்துகொண்டிருந்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்குகளில் வீட்டுக்காரர், வேலைக்காரர் இருவரையும் அலகாபாத் உயர்நீதிமன்றம் 2023இல் விடுவித்துவிட்டது. யார் கொன்றது என்பதற்கு நீதிமன்றத்தில் பதில் நிற்கவில்லை. அந்தப் பெற்றோர்களின் புகாரை ஏன் யாரும் காதில் வாங்கவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு குற்றக்கதைக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

புளியந்தோப்புத் தங்கச்சி அதுவரை நாவலுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். கதைதானே, கொலைக்கதையில் பாடம் தேட வேண்டாம் என்பது அவள் கட்சி. நான் அதை மதிக்கிறேன். நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு ஒரு மணி நேரம் வேறெங்காவது போய்வர ஒரு புத்தகம் வேண்டும். ஆனால் அவளே ஒன்றைச் சொன்னாள்: "அக்கா, எங்க ஏரியா பத்தி ஒரு வரி வருது பாரு, 'இந்த மண்ணின் ரத்தத்திலேயே வெறி இருக்கிறது'ன்னு. அத மட்டும் வெட்டிட்டா எனக்குப் போதும்." அவள் கொள்ளுத்தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1921இல் வேலைநிறுத்தம் நீண்டபோது அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான சண்டையாக நிற்கவில்லை. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் பெரிய கலவரமாக மாறியது. குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அங்கே ரத்தத்தில் எதுவும் இல்லை. கூலி இருந்தது, பசி இருந்தது, சாதி இருந்தது, பிரித்து வைத்தால் லாபம் என்று கணக்குப் போட்ட நிர்வாகம் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கமுள்ள இந்த நாவலில் சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

சென்னையில் பெயர் பெற்ற தொடர்கொலைகாரன் என்றால் ஆட்டோ சங்கர். ஆறு கொலைகள்; 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவன் இருந்தது திருவான்மியூர். தென்சென்னைக் கடற்கரை. அதற்காக அந்த மண்ணின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை. எழுதவும் கூடாது. அதே நியாயம் எங்களுக்கும் வேண்டும்.

பம்பாயில் ராமன் ராகவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் நடுவிலிருந்து 1968 வரை நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிக்கொண்டிருந்த ஏழைகளைக் கொன்றவன். தமிழ் பேசுகிறவன். அதே நேரத்தில்தான், 1966இல் சிவசேனை தொடங்கி, "மதராசி"கள் எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அங்கே ஊர் முழுக்கப் பேச்சு. அங்கே நாம்தான் வெளியாட்கள். தாராவியில் ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழன், பிடிபட்டவன் பேசும் மொழி எது என்று பேப்பரில் பார்த்த அன்று எப்படி வேலைக்குப் போயிருப்பான்? எனக்கு அந்த மனிதனின் கதை வேண்டும்.

இதை நான் வெளியிலிருந்து பேசவில்லை. என் பாட்டி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவள். 1960களில் பர்மாவில் கடையும் வீடும் போய், கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கி, வியாசர்பாடியில் குடிசை போட்டது எங்கள் குடும்பம். பாட்டி அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் செய்வதை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் உண்டு. பர்மாக்காரங்களுக்கு வீடு கிடையாது என்று சொன்னவர்கள் உண்டு. இன்றைக்கு பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோவுக்கு வரிசையில் நிற்கிறது சென்னை.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

2018 மே மாதம். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்த ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றிய நாட்கள். போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன வயதான அம்மா ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். சென்னையிலிருந்து போன தமிழ்ப் பெண்மணி அவர். அதே வாரத்தில், எங்களுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில், பழவேற்காட்டில் மனநலம் சரியில்லாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த நாட்களில் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் குல்ஃபி வண்டிக்காரரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மூன்று வருடமாக ஒன்பது மணிக்கு மணி அடித்துக்கொண்டு வருகிறவர். என் பையனுக்கு எத்தனையோ தடவை அவரிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். இவரை எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் மீன் விற்கிற ஆயாதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். "உன் பேரு இன்னாடா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வாசப்படியில் உட்கார வைத்தாள். அதற்கப்புறம் அவர் வண்டி எங்கள் தெருப்பக்கம் வந்ததே இல்லை.

இந்த நாவலைப் படித்து முடித்தபோது எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. நாவலில் தப்பு செய்தவன் ஒரே ஒருவன். மனம் பிசகியவன். அவனைச் சுட்டதும் எண்ணூரும் மணலியும் காசிமேடும் நிம்மதியாகத் தூங்குகின்றன. வலைத்துண்டைப் பார்த்ததும் நம்பிவிட்ட ஊர், அடிக்கப் போன கூட்டம், தெரிந்தும் பேசாமல் நின்றவர்கள் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். என்னையும் சேர்த்து விடுவித்துவிட்டார் எழுத்தாளர். அந்த விடுதலை எனக்கு வேண்டாம். பழவேற்காட்டில் கொன்றவர்கள் யாருக்கும் அப்பாவிடம் அடி வாங்கிய தனிக்கதை தேவைப்படவில்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோக்கள் சுற்றியபோது, அங்கிருந்து ஒரு குழுவே வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு போன் தூரத்தில்தான் இருக்கிறது பயம்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். கொலைகாரனின் சின்ன வயதுக்கு இந்த நாவல் நாற்பது பக்கம் கொடுக்கிறது. செத்த ஐந்து பேருக்கும் சேர்த்து மூன்று பக்கம் தேறவில்லை. இரண்டாவது ஆளுக்கு மட்டும்தான் பெயர் இருக்கிறது. அதுவும் சட்டைப் பையில் ஆதார் அட்டை இருந்ததால். மற்ற நால்வரும் முதல் உடல், மூன்றாம் உடல் என்று போய்விடுகிறார்கள். அவர்கள் ஊரில் யாருக்குப் பணம் அனுப்பினார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைத்தார்கள், பக்கத்துப் படுக்கைக்காரனோடு எதற்குச் சண்டை போட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. ஒருவனைத் தெரிந்துகொண்டால்தானே அவன் செத்தால் பதறும்? வேகம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்களா? அந்த மூன்றாவது ஆள் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தான் என்று தெரிந்திருந்தால், சமையலறையில் உட்கார்ந்து படித்த நான் அவன் இருட்டில் நடக்கும்போது பக்கத்தைத் திருப்பக் கை நடுங்கியிருப்பேன்.

பதிப்பாளர்களுக்கு இரண்டு விஷயம். இந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் "உண்மைச் சம்பவங்களின் பின்னணியில்" என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சம்பவம் எங்கள் பக்கம் நடக்கவில்லை. வேறு ஊரில் இதைப் படிக்கிறவர் நடந்தது என்றே நம்புவார். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அப்புறம், ஒரு இடத்தை வைத்துக் கதை வந்தால், அச்சுக்குப் போகும் முன் அந்த இடத்தில் வாழும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். கதையை மாற்றச் சொல்ல மாட்டோம். எங்கள் காசிமேட்டு அண்ணன் அந்த மே மாதத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார், உங்கள் எழுத்தாளருக்கு ஒரு கதையும் கூடக் கிடைத்திருக்கும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு அழைப்பு. வடசென்னையை வைத்து அடுத்த நாவலை யாராவது எழுதிக்கொண்டிருந்தால், முடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கையெழுத்துப் பிரதியைத் தர வேண்டாம், கேள்விகளோடு வந்தால் போதும். ஏட்டய்யா நாலரைக்கே வந்துவிடுவார். அண்ணன் குளித்துவிட்டு வர ஐந்தரை ஆகும். மாடிப்படி குறுகல், மூன்றாவது படி பெயர்ந்திருக்கிறது, பார்த்து ஏற வேண்டும்.

இப்படிக்கு,
கல்மண்டபத்திலிருந்து ஒரு வாசகி